நேற்றைய 'வேண்டும்': ஜெர்மன் துணைவினைகளின் இறந்தகாலமும் தமிழும்

1944-இல் சூரிச் நகரின் ராஷர் பதிப்பகம் ஒரு ஜெர்மன் நூலை வெளியிட்டது. 'தன்னை நோக்கிய வழி' என்று பொருள்படும் தலைப்பு. அதன் துணைத்தலைப்பு, இது திருவண்ணாமலையைச் சேர்ந்த ரமண மகரிஷியின் வாழ்வும் போதனையும் என்று ஊர்ப்பெயரோடு அறிவித்தது. எழுதியவர் இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் ஜிம்மர். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1943-இல் அமெரிக்காவில் காலமானார். நண்பரின் கையெழுத்துப்படியைப் பதிப்பித்து முன்னுரை எழுதியவர் உளவியலாளர் கார்ல் யுங்.

யுங்கின் நிலை நேர்மாறானது. 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவையொட்டி அவர் இந்தியா வந்தார், தென்னாட்டையும் சுற்றிப் பார்த்தார். திருவண்ணாமலைக்கு மட்டும் போகவில்லை. ஊர் திரும்பியதும் ஜிம்மர் அவரிடம் முதலில் விசாரித்தது ரமணரைப் பற்றித்தான். ஒருவேளை ரமணரைப் பார்த்திருக்க வேண்டுமோ என்று முன்னுரையில் தயங்கும் யுங், இன்னொரு முறை வந்தாலும் போகாமலேதான் திரும்புவேன் என்று தோன்றுவதாகவும் ஒப்புக்கொள்கிறார்.

'பார்த்திருக்க வேண்டும்' என்ற தொடரைத் தனியே எடுத்து ஜெர்மன் கற்கும் ஒருவரிடம் பெயர்க்கச் சொன்னால் சிக்கல் தெரியவரும். 'வேண்டும்' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 'மிஸென்'. அதன் இறந்தகாலமான 'முஸ்ட்டெ'யை இங்கே போட்டால், யுங்குக்கு ரமணரைப் பார்த்தே தீர வேண்டிய கட்டாயம் இருந்தது, அவர் பார்த்தும்விட்டார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'ஸொலென்' என்பதன் இறந்தகாலமான 'ஸொல்ட்டெ'யைப் போட்டால், யாரோ அவரைப் போகச் சொல்லியிருந்தார்கள் என்று ஆகிவிடும். போகாததற்கு வருந்துவதைச் சொல்ல ஜெர்மனில் வேறொரு கட்டமைப்பு உண்டு: 'ஹெட்டெ பெஸூஹென் ஸொலென்'. மூன்று சொல் சேர்ந்தால்தான் 'போயிருக்க வேண்டும், போகவில்லை' என்ற பொருள் கிடைக்கும்.

ஜெர்மன் பாடநூல்களில் துணைவினைகளின் இறந்தகாலம் ஏ2 நிலையில், சில பக்கங்களுக்குள், ஓர் அட்டவணையாக முடிந்துவிடும். ஆறு வினை, ஆறு இறந்தகால வடிவம், பிறகு பயிற்சி. தமிழ் பேசுபவருக்கு அந்த அட்டவணையை மனப்பாடம் செய்வது எளிது, பயன்படுத்துவதுதான் கடினம். தமிழின் துணைவினைகளும் ஜெர்மனின் துணைவினைகளும் எதிரெதிர்க் காலங்களிலிருந்து பிறந்தவை என்பதே இதற்குக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. ஜெர்மன் துணைவினைகள் பழைய இறந்தகாலத்தின் எச்சங்கள். தமிழ்த் துணைவினைகள் எதிர்காலமும் வழக்கச் செயலும் குறிக்கும் 'செய்யும்' என்ற வாய்பாட்டின் எச்சங்கள். இவ்விரண்டும் 'நேற்று' என்ற சொல்லைச் சந்திக்கும்போது வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. உதட்டைக் குவித்துக்கொண்டு எ, இ சொன்னால் வரும் உயிர்கள் ஜெர்மனில் உண்டு. தமிழில் அவற்றுக்கு எழுத்தில்லாததால் இங்கே எ, இ என்றே எழுதப்படுகின்றன. 'கெனென்', 'மிஸென்', 'டிர்ஃபென்', 'மேகென்' ஆகியவற்றின் முதல் உயிரை உதடு குவித்தே படிக்க வேண்டும்.

இறந்தகாலம் நிகழ்காலமான கதை

ஜெர்மனின் ஆறு துணைவினைகள் இவை. கெனென் (இயலும்), மிஸென் (கட்டாயம்), டிர்ஃபென் (அனுமதி), ஸொலென் (பிறர் விதித்த கடமை), வொலென் (விருப்பம், தீர்மானம்), மேகென் (பிடித்தம்). இறந்தகாலத்தில் முறையே கொன்ட்டெ, முஸ்ட்டெ, டுர்ஃப்ட்டெ, ஸொல்ட்டெ, வொல்ட்டெ, மொஹ்ட்டெ ஆகும். உதடு குவிந்த உயிர் இருந்த நான்கிலும் அது மறைந்து சாதாரண ஒ, உ வந்துவிடுவதைக் கவனிக்கலாம்.

நிகழ்காலத்தில் இவ்வினைகள் விசித்திரமானவை. சாதாரண ஜெர்மன் வினை, 'அவன்' என்ற எழுவாயோடு வரும்போது இறுதியில் 'ட்' பெறும்: 'எர் லெர்ன்ட்', அவன் கற்கிறான். 'கெனென்' அப்படி வராது. 'எர் கன்' என்று வெறுமனே நிற்கும். இதே வெறுமை 'எர் காம்' (அவன் வந்தான்) போன்ற வல்வினைகளின் இறந்தகாலத்தில் உண்டு. இந்த ஒற்றுமைக்குக் காரணம் இருக்கிறது. 'கன்' ஒரு காலத்தில் இறந்தகால வடிவமாகவே இருந்தது. 'அறிந்துகொண்டேன்' என்பது அதன் பழம்பொருள். அறிந்துகொண்டவனுக்கு இப்போது அது தெரியும்; தெரிந்தவனால் இப்போது அதைச் செய்ய முடியும். இப்படி முடிந்துபோன செயலின் விளைவு நிகழ்காலத்தின் பொருளாக உறைந்துவிட்டது. ஜெர்மானிய மொழிகள் அனைத்திலும் இந்த வினைக்குழு உண்டு.

இந்திய வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமானதல்ல. வடமொழியில் 'வித்' என்ற வேரின் பழைய நிறைவு வடிவமான 'வேத' என்பதற்கு 'அறிவான்' என்ற நிகழ்காலப் பொருள் உண்டு. 'வேதம்' என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்தது. ஜெர்மனில் 'எனக்குத் தெரியும்' என்பதைக் குறிக்கும் 'வைஸ்' என்ற வினை அதன் உடன்பிறப்பு. 'கண்டேன், ஆகவே அறிவேன்' என்ற ஒரே தாவல் இரண்டிலும் நடந்திருக்கிறது.

பிற வினைகளின் பழம்பொருள்களும் இன்றைய பொருளிலிருந்து நகர்ந்திருக்கின்றன. 'டிர்ஃபென்' முன்பு தேவையைக் குறித்தது, 'ஸொலென்' கடன்பட்டிருப்பதைக் குறித்தது. இன்று கட்டாயத்தைச் சொல்லும் 'மிஸென்' ஒரு காலத்தில் இடமும் வாய்ப்பும் இருப்பதைச் சொன்னது. 'வொலென்' மட்டும் வேறு வழியில், விருப்பத்தைச் சுட்டும் ஒரு பழைய வடிவத்திலிருந்து, இக்குழுவில் வந்து சேர்ந்தது.

பழைய இறந்தகாலம் நிகழ்காலமாகிவிட்டதால் இவ்வினைகளுக்குப் புதிய இறந்தகாலம் தேவைப்பட்டது. சாதாரண வினைகள் பயன்படுத்தும் 'ட்டெ' என்ற விகுதியே இங்கும் ஒட்டப்பட்டது. ஆகவே 'கொன்ட்டெ' என்பது இறந்தகாலத்தின் மேல் ஏறி நிற்கும் இன்னோர் இறந்தகாலம்.

இந்தப் புதிய வடிவம் இன்றும் பேச்சில் உயிரோடிருப்பது இன்னொரு வியப்பு. ஜெர்மன் பேச்சுவழக்கில், குறிப்பாகத் தென்பகுதியில், எளிய இறந்தகாலம் பல நூற்றாண்டுகளாகத் தேய்ந்து, அதன் இடத்தில் 'இரு' போன்ற வினையோடு கூடிய கூட்டு இறந்தகாலம் வந்துவிட்டது. 'வந்தான்' என்பதற்கு 'வந்திருக்கிறான்' என்ற அமைப்பையே பேச்சில் கேட்கலாம். சுவிஸ் ஜெர்மன் வட்டார வழக்குகளில் எளிய இறந்தகாலமே இல்லை; சுவிஸ்காரரான யுங் எழுத்தில் ஒன்றையும் வீட்டில் இன்னொன்றையும் கையாளும் சமூகத்தில் வளர்ந்தவர். பொதுப் பேச்சு ஜெர்மனில் இந்தத் தேய்மானத்துக்கு ஈடுகொடுத்து நிற்பவை 'இரு', 'உடைத்தாயிரு' என்ற இரு அடிப்படை வினைகளும் இந்தத் துணைவினைகளும்தான். கூட்டு வடிவத்தில் இவை வாக்கிய இறுதியில் வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டு கனத்துப்போகும். ஒரே சொல்லாகிய 'முஸ்ட்டெ' வாய்க்கு இலகு.

'உம்' ஈற்றில் உறைந்த தமிழ்

தமிழில் வேண்டும், முடியும், கூடும், -லாம் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பொது முகம் தெரியும். முதல் மூன்றும் வெளிப்படையாகவே 'செய்யும்' வாய்பாட்டு வினைகள். 'ஏறலாம்' என்பது ஏறல் + ஆம். அந்த 'ஆம்', 'ஆகும்' என்பதன் குறுக்கம். ஆக நான்குமே 'உம்' ஈற்றுக் குடும்பம். எதிர்காலத்தையும் என்றும் நிகழும் இயல்பையும் சொல்லப் பிறந்த ஈறு அது. 'சூரியன் கிழக்கில் உதிக்கும்', 'நாளை மழை பெய்யும்' இரண்டும் அதன் வேலைகள்.

இவற்றை இறந்தகாலமாக்க நேரடியாக முயன்றால் சொல் கைமாறிப் போய்விடும். 'வேண்டினான்' என்றால் இன்று பிரார்த்தித்தான் அல்லது கேட்டுக்கொண்டான். 'கூடினார்கள்' என்றால் ஒன்றுசேர்ந்தார்கள். -லாம் விகுதிக்கு இறந்தகாலமே கிடையாது. 'முடிந்தது' ஒன்றுதான் நேராக வருகிறது, அதுவும் ஒரு நிபந்தனையோடு வருகிறது. 'மலையேற முடிந்தது' என்று ஒருவர் சொன்னால் அவர் ஏறிவிட்டார் என்றே பொருள். இளமையில் ஏறும் வலு இருந்தது, ஆனால் ஏறவில்லை என்ற பொருளை அது தாங்காது. ஜெர்மனின் 'கொன்ட்டெ' தாங்கும். கற்ற திறனுக்கோ தமிழ் வேறு சொல்லுக்குத் தாவுகிறது: 'எனக்கு நீந்தத் தெரியும்'. அறிவைக் குறிக்கும் வினை திறனைக் குறிப்பதில் தமிழும், 'கெனென்' என்பதன் பழங்கதையும் இங்கே ஒரே புள்ளியில் சந்திக்கின்றன.

மற்ற இடங்களில் தமிழ் கட்டட வேலை செய்கிறது. 'வேண்டும்' என்பதை 'வேண்டி' என்ற எச்சமாக்கி, அதோடு 'இரு' சேர்த்து 'போக வேண்டியிருந்தது' என்கிறது. 'ஆகு' சேர்த்து 'போக வேண்டியதாயிற்று' என்கிறது. பேச்சில் 'போக வேண்டியதாப் போச்சு'. இரண்டும் ஒன்றல்ல. முன்னது கட்டாயம் இருந்த நிலையைச் சொல்கிறது: 'ஊருக்குப் போக வேண்டியிருந்தது, ஆனால் பஸ் கிடைக்கவில்லை' என்று தொடரலாம். பின்னது போனதையும், மனமில்லாமல் போனதையும் சேர்த்தே சொல்கிறது. 'முஸ்ட்டெ' பெரும்பாலும் இந்த இரண்டாவதோடு ஒட்டும்.

'உம்' ஈற்றின் பழைய குணம் ஓரிடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது. 'முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் மலையேறலாம்' என்று சொல்வது தமிழில் இயல்பு. வடிவம் எதிர்காலத்துக்குரியது, பொருள் கடந்தகாலத்துக்குரியது. வழக்கச் செயலை 'உம்' ஈறு எந்தக் காலத்திலும் சொல்லும் என்பதால் இது நடக்கிறது. 'அப்பா அந்தக் காலத்தில் கடையில் டீ குடிக்க மாட்டார்' என்பதும் அப்படியே. ஆனால் 'நேற்று நான் ஏறலாம்' என்றால் காது ஏற்காது. நெடுநாள் வழக்கத்தைச் சொல்ல முடிகிற விகுதியால் ஒரு குறிப்பிட்ட நேற்றைச் சொல்ல முடியவில்லை. ஜெர்மனுக்கு இந்த வேறுபாடு கிடையாது. முன்பெல்லாம் இருந்த அனுமதிக்கும் நேற்று மட்டும் கிடைத்த அனுமதிக்கும் 'டுர்ஃப்ட்டெ' ஒன்றே போதும்.

தீபத்தன்று மலையேறாதவர்கள்

எதிர்மறையில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவில் மண்சரிவு ஏற்பட்டு உயிர்கள் பலியாயின. டிசம்பர் 13 அன்று கார்த்திகை தீபம். மலை ஈரத்தில் தளர்ந்திருந்ததால் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரை, நெய், திரி ஆகியவற்றைச் சுமந்து செல்வோர் போன்ற பணியாளர்கள் மட்டும் ஏறினார்கள். அன்று மலையேறாத ஐந்து பேரைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாமவருக்கு முழங்கால் வலி. ஜெர்மனில் அவர் 'கொன்ட்டெ' இல்லாதவர், அதாவது 'கொன்ட்டெ நிஹ்ட்'. இரண்டாமவர் தடையால் நின்றவர். அவருக்கு 'டுர்ஃப்ட்டெ நிஹ்ட்'. மூன்றாமவருக்கு மண்சரிவுக்குப் பின் மனமே வரவில்லை. அவருக்கு 'வொல்ட்டெ நிஹ்ட்'. நான்காமவர் வழக்கமாகச் சுமை தூக்குபவர், ஆள் போதும் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு 'முஸ்ட்டெ நிஹ்ட்'. ஐந்தாமவரை ஏறாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்; அவருக்கு 'ஸொல்ட்டெ நிஹ்ட்'. வாக்கியத்தில் மாறியது ஒரே சொல். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

இதே ஐவரைத் தமிழில் சொல்வோம். முதலாமவரால் ஏற முடியவில்லை. இரண்டாமவரை ஏற விடவில்லை. மூன்றாமவருக்கு ஏற மனமில்லை, அல்லது 'நான் ஏற மாட்டேன்' என்றுவிட்டார். நான்காமவருக்கு ஏறவேண்டிய தேவையிருக்கவில்லை. ஐந்தாமவரை ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஐந்துக்கும் ஐந்து வேறு வாக்கிய அமைப்புகள். முதலாமவர் 'ஆல்' உருபோடு வருகிறார், இரண்டாமவர் 'ஐ' உருபோடு, நான்காமவர் 'கு' உருபோடு. ஜெர்மனில் ஐவருமே எழுவாய்கள்.

இந்த வேறுபாட்டுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 'கூடாது', 'மாட்டேன்' ஆகியவற்றுக்கு இறந்தகாலம் இல்லாததால், தமிழ் அந்தத் தடையையோ மறுப்பையோ யாரோ சொன்ன பேச்சாக மாற்றி 'என்று' என்ற சொல்லால் கட்டுகிறது. பேச்சு அதன் நிகழ்கால உருவிலேயே உள்ளே இருக்கும். காலம் 'சொன்னார்', 'என்றுவிட்டார்' ஆகியவற்றில் வெளியே இருக்கும். இல்லையென்றால் தடுத்தவரையே எழுவாயாக்கி 'விடவில்லை' என்கிறது. ஆக, 'டுர்ஃப்ட்டெ' மறைத்துவைக்கும் அதிகாரியைத் தமிழ் வாக்கியம் வெளியே இழுத்துவிடுகிறது. யார் விடவில்லை என்ற கேள்வி உடனே எழும்.

'ஸொல்ட்டெ' இந்த விஷயத்தில் தமிழோடு சற்று நெருங்கி வருகிறது. அதுவும் பிறரது பேச்சை உள்ளே வைத்திருக்கும் வினைதான். ஐந்தாமவர் மருத்துவர் சொன்னதைக் கேட்டாரா, மீறினாரா என்று அது சொல்வதில்லை. 'ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்' என்பதும் சொல்வதில்லை. பாடநூல்கள் 'ஸொலென்' என்பதற்கு 'வேண்டும்' என்று பொருள் எழுதுவதைவிட, 'செய்யச் சொல்லியிருக்கிறார்கள்' என்று எழுதினால் தமிழ் மாணவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

மிகப் பெரிய கண்ணி நான்காமவரிடம் இருக்கிறது. 'வேண்டும்' என்பதன் எதிர்மறை 'வேண்டாம்'. 'ஏற வேண்டாம்' என்று தமிழில் சொன்னால் அது பெரும்பாலும் தடுப்பது. அதை அப்படியே 'மிஸென்' போட்டு மறுத்தால் ஜெர்மனில் தடை மறைந்து, 'தேவையில்லை, உங்கள் விருப்பம்' என்று ஆகிவிடும். தடைக்கு உரியது 'டிர்ஃபென்'.

முதலாமவரிடமும் ஒரு சிறு பொறி உண்டு. 'என்னால ஏற முடியல' என்பது நேற்றைப் பற்றியதா, இந்த நிமிடத்தைப் பற்றியதா? தமிழில் இரண்டுக்கும் அதே வடிவம்தான், ஏனென்றால் 'இல்லை' காலம் காட்டுவதில்லை. ஜெர்மனில் பேசுபவர் வாய் திறக்கும் முன்பே 'கன்'னா, 'கொன்ட்டெ'யா என்று முடிவுசெய்துவிட வேண்டும்.

இறந்தகாலம் எங்கே உட்கார்கிறது

இனி யுங்கின் தயக்கத்துக்கு இலக்கண விடை தேடலாம். 'பார்த்திருக்க வேண்டும்' என்ற தமிழ்த் தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. 'அவர் ரமணரைப் பார்த்திருக்க வேண்டும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது' என்றால் ஊகம். 'அவர் ரமணரைப் பார்த்திருக்க வேண்டும், வாய்ப்பைத் தவறவிட்டார்' என்றால் நிகழாததன் வருத்தம். 'ஏறியிருக்கலாம்' என்பதும் இப்படியே: ஒருவேளை ஏறினாரோ என்னவோ, அல்லது ஏற முடிந்தும் ஏறவில்லை. இரண்டிலும் தமிழ் இறந்தகாலத்தை முதன்மை வினையின் மேல் வைத்துவிட்டுத் துணைவினையை அசையாமல் விடுகிறது. உறைந்த 'உம்' ஈறு அசைய மறுப்பதால் வேறு வழியும் இல்லை. பொருளைப் பிரித்துக் காட்டும் பொறுப்பு சூழலுக்கும் இடைச்சொற்களுக்கும் போகிறது: 'ஏறியிருக்கலாமே' என்றால் ஆதங்கம், 'பார்த்திருக்க வேண்டுமோ' என்றால் தன்னையே கேட்டுக்கொள்ளும் ஐயம்.

ஜெர்மன் இதை இடமாற்றத்தால் தீர்க்கிறது. ஊகமென்றால் துணைவினை நிகழ்காலத்தில் நிற்கும், முதன்மை வினை முடிந்துபோன வடிவம் பெறும். ஊகிப்பவர் இப்போது ஊகிக்கிறார், ஊகிக்கப்படும் செயல் முன்பே நடந்தது. வருத்தமென்றால் முதன்மை வினை சாதாரண வடிவில் இருக்க, 'ஹெட்டெ' என்ற நிகழாமை வடிவம் துணைவினையின் மேல் விழும். இங்கே 'ஸொலென்' இறந்தகால எச்சமாக மாறாமல் தன் அடிப்படை வடிவிலேயே கடைசியில் நிற்கும் என்பது தனி விதி.

உதடு குவியும் உயிர்கள் இங்கே மீண்டும் கணக்கில் வருகின்றன. 'கொன்ட்டெ' என்றால் முடிந்தது. உதடு குவித்து 'கென்ட்டெ' என்றால் முடியக்கூடும். 'மொஹ்ட்டெ' என்றால் பிடித்திருந்தது. அதன் குவிந்த வடிவம்தான் கடையில் காபி கேட்கும்போது எல்லோரும் சொல்லும் பணிவான 'வேண்டுமே'. நடந்ததற்கும் நடக்காததற்கும் இடையே ஓர் உதட்டசைவுதான் தூரம். 'ஸொல்ட்டெ', 'வொல்ட்டெ' இரண்டிலும் அந்த அசைவுகூட இல்லை. இறந்தகாலமும் நிகழாமையும் ஒரே உருவில் வரும். சூழலை நம்பும் தமிழின் நிலைக்கு ஜெர்மன் அங்கே தானாகவே வந்துவிடுகிறது.

எதிர்த்திசையில் நடந்தவர்கள்

தமிழிலிருந்து ஜெர்மனுக்குப் போவோர் சந்திக்கும் இந்தச் சிக்கலை, மறுகரையிலிருந்து வந்தவர்கள் முன்பே சந்தித்திருக்கிறார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் லத்தீனில் அச்சானது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் கிரவுல் 1855-இல் தமிழ் இலக்கணச் சுருக்கமும் அடுத்த ஆண்டு திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வெளியிட்டார். திருவண்ணாமலையிலேயே இந்த வரிசையில் வருபவர் லூசி கார்னெல்சன். ஜெர்மனியிலிருந்து வந்து அருணாசலத்தின் அடிவாரத்தில் வாழ்ந்த அவர், தமிழ் கற்று ரமணரின் ஆக்கங்களை ஜெர்மனில் பெயர்த்தார். ஒரே 'வேண்டும்', ஒரே 'கூடும்' எதிர்ப்படும் ஒவ்வொரு வரியிலும் இது கட்டாயமா, அறிவுரையா, இயல்பா என்று பிரித்தாக வேண்டிய பணி அது. ஜிம்மருக்கு வாய்க்காத நேரடித் தொடர்பு அவருக்கு ஊரோடும் இருந்தது, மொழியோடும் இருந்தது.

வகுப்பறைக்கு ஒரு மாற்று

இன்று இந்தப் பாதையில் அதிகம் நடப்பவர்கள் அறிஞர்களல்லர். ஜெர்மன் மருத்துவமனைகளுக்குச் செல்லத் தயாராகும் செவிலியர்கள். சென்னை மாக்ஸ் முல்லர் பவன் தொடங்கித் தமிழகத்தின் சிறு நகரங்களில் இருக்கும் பயிற்சி மையங்கள் வரை அவர்களைக் காணலாம். வேலைக்கு அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2 நிலை தேவைப்படுகிறது. அவர்களுக்குத் துணைவினையின் இறந்தகாலம் தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. பணிமாற்றத்தின்போது நோயாளியின் இரவைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அது வரும். நோயாளியால் எழுந்திருக்க முடியவில்லையா, எழுந்திருக்க அனுமதியில்லையா, எழுந்திருக்க மறுத்தாரா, வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியிருந்தும் சாப்பிட்டுவிட்டாரா? 'கொன்ட்டெ', 'டுர்ஃப்ட்டெ', 'வொல்ட்டெ', 'ஸொல்ட்டெ' ஒவ்வொன்றும் அடுத்த பணிமுறைக்கு வருபவரை வேறு வேலைக்கு அனுப்பும்.

ஆகவே ஆறு வினைக்கு ஆறு தமிழ்ப் பொருள் எழுதிய அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்விகளிலிருந்து தொடங்குவது நல்லது. செயல் நடந்ததா? நடந்ததற்கோ நடக்காததற்கோ காரணம் உடலிலா, மனத்திலா, வெளி அதிகாரத்திலா? பேசுபவர் அன்றைய நிலையை விவரிக்கிறாரா, இன்றிலிருந்து திரும்பிப் பார்த்து ஊகிக்கிறாரா அல்லது வருந்துகிறாரா? முதல் கேள்விக்கான விடையைத் தமிழ் 'ஆயிற்று', 'முடிந்தது' ஆகியவற்றில் துல்லியமாக வைத்திருக்கிறது. இரண்டாவதை ஜெர்மன் தன் ஆறு வினைகளில் துல்லியமாக வைத்திருக்கிறது. மூன்றாவதைத் தமிழ் இடைச்சொல்லாலும், ஜெர்மன் சொல்லின் இடத்தாலும் தீர்க்கின்றன. தமிழ் மாணவர் தன் மொழி ஏற்கெனவே பிரித்துவைத்திருக்கும் வேறுபாடுகளை முதலில் அடையாளம் கண்டுகொண்டால், ஜெர்மன் கூடுதலாகக் கேட்பது எது என்பது அவருக்குத் தெளிவாகிவிடும்: காரணம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் பேசும் பழக்கம். அந்தப் பழக்கம் கைவந்தபின் 'ட்டெ' விகுதியைச் சேர்ப்பது ஒரு நாள் பாடம்.